சந்தேகங்களுக்கு விளக்கம்: பைலட் ஒருத்தர் டிரெயிலர் இழுக்கப் போனா எது கைகொடுக்கும், எது காலை வாரும்?

வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான், ஆனா விரிவா பேச வேண்டிய கேள்வி. நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "அமெரிக்காவுல ஏர்லைன் பைலட்டா இருக்கேன். 65 வயசு ஆகப்போகுது, அதுக்கு மேல ஏர்லைன்ல ஓட்ட முடியாது. நானும் மனைவியும் உள்ளேயே தங்கற வசதி இருக்கிற ஒரு டிராவல் டிரெயிலர் வாங்கி, பிக்கப் டிரக்குல இழுத்துக்கிட்டு நாடு முழுக்கச் சுத்தலாம்னு இருக்கோம். இத்தனை வருஷம் விமானம் ஓட்டினவனுக்கு இது சுலபமாத்தானே இருக்கும்? புதுசா எதைக் கத்துக்கணும்?"

பதிலோட சாரத்தை முதல்லயே சொல்லிடறேன் சார். உங்க கணக்கு போடற பழக்கம், செக்லிஸ்ட் பழக்கம், வானிலை பார்த்து "இன்னிக்குக் கிளம்பல"ன்னு சொல்ற பழக்கம், இது மூணும் அப்படியே வேணும். சாதாரணமா டிரெயிலர் வாங்கறவங்களுக்கு இது மூணும் வர்றதுக்கு ரொம்ப நாளாகும். ஆனா ரெண்டு விஷயம் உங்களை ஏமாத்தும். ஒண்ணு, உங்க கை. ஏதாவது ஆடினா உடனே திருத்தற கை. இன்னொண்ணு, "இதை ஏற்கனவே யாரோ செக் பண்ணிக் கையெழுத்து போட்டிருப்பாங்க"ங்கற நம்பிக்கை. விமானத்துல அது நியாயமான நம்பிக்கை. இங்க உங்களைத் தவிர யாரும் கையெழுத்து போடல.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா மத்த எல்லாப் பிரச்சினையும் இங்கதான் பிறக்குது. வெயிட் அண்ட் பேலன்ஸ், அதாவது எடை எவ்வளவு, எங்க உட்கார்ந்திருக்குங்கற கணக்கு, உங்களுக்குப் புதுசு இல்ல. ஆனா உங்க விமானத்தை எடைபோட்டு, அந்த எண்ணைப் பதிஞ்சு வெச்சிருப்பாங்க. லோட் ஷீட் உங்க கைக்கு வந்துடும். டிரெயிலர்ல விளம்பரத் தாள்ல போட்டிருக்கிற டிரை வெயிட்டை, அதாவது காலி எடையை வெச்சு ஒண்ணுமே பண்ண முடியாது. பெரும்பாலும் பேட்டரி, சிலிண்டருக்குள்ள இருக்கிற கேஸ், டீலர் பொருத்தின சாமான் எதுவும் அதுல சேராது. டிரெயிலர்ல ஒட்டியிருக்கிற மஞ்சள் ஸ்டிக்கர்ல, சரக்கு இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னு இருக்கும். அது பரவாயில்ல, ஆனா அதுவும் ஆரம்பப் புள்ளிதான். டிரக்கைப் பொறுத்தவரை, "10,000 பவுண்டு இழுக்கும்"னு சொல்றது கண்ணுல படும். நீங்க அதை விட்டுட்டு டிரைவர் கதவுத் தூண்ல இருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவுன்னு அதுல போட்டிருக்கும். இழுக்கற திறன் தீர்றதுக்கு முன்னாடி பெரும்பாலும் இந்தச் சுமைத் திறன்தான் தீர்ந்துபோகும். டிரெயிலரோட மூக்கு டிரக்கு மேல அழுத்தற எடை, அதாவது டங்க் வெயிட், இந்தக் கணக்குலதான் வரும்.

அதனால முழுசா சாமான் ஏத்தி, டீசலோ பெட்ரோலோ நிரப்பி, ரெண்டு பேரும் உட்கார்ந்து, எடை மேடைக்குப் போங்க. நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகள்ல கேட் ஸ்கேல்னு பலகை வெச்சிருப்பாங்க. அந்த மேடை தனித்தனித் தட்டா இருக்கும். டிரக் முன் ஆக்ஸில் (சக்கர அச்சு) ஒரு தட்டுல, பின் ஆக்ஸில் அடுத்ததுல, டிரெயிலர் ஆக்ஸில்கள் மூணாவதுல நிக்கற மாதிரி நிறுத்துங்க. மூணு தடவை எடை போடணும். முதல் தடவை எல்லாம் மாட்டி, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் பார், அதாவது மூக்கோட எடையை மத்த ஆக்ஸில்களுக்கும் பகிர்ந்து கொடுக்கற கம்பி, இழுத்துப் பூட்டின நிலையில. ரெண்டாவது, அந்த பாரை மட்டும் கழட்டிட்டு. மூணாவது, டிரெயிலரை நிறுத்துமிடத்துல விட்டுட்டு டிரக் மட்டும்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். டிரக் மட்டும்: முன்னாடி 3,200 பவுண்டு, பின்னாடி 2,750, மொத்தம் 5,950. பார் இல்லாம மாட்டினா: முன்னாடி 2,880, பின்னாடி 3,870, டிரெயிலர் ஆக்ஸில்ல 6,200. டிரக் மேல இருக்கிறது 5,950லேர்ந்து 6,750 ஆகியிருக்கு. அந்த 800 பவுண்டுதான் டங்க் வெயிட். டிரெயிலரோட மொத்த எடை 6,200ம் 800ம் சேர்ந்து 7,000. 800ஐ 7,000ஆல வகுத்தா 11.4 சதவீதம். டிராவல் டிரெயிலருக்கு 10லேர்ந்து 15 சதவீதம் இருக்கணும், அதனால இது சரி. ஆனா பாருங்க, முன் ஆக்ஸில் 320 பவுண்டு இழந்திருக்கு. ஸ்டீயரிங்கும் முன் பிரேக்கும் அந்த ஆக்ஸில்லதான் இருக்கு. பின் ஆக்ஸில் வரம்பு 3,800ன்னு வெச்சுக்கிட்டா 70 பவுண்டு அதிகமாவும் இருக்கு. இப்ப பாரைப் பூட்டினா: முன்னாடி 3,080, பின்னாடி 3,520, டிரெயிலர்ல 6,350. இழந்த 320ல 200 திரும்ப வந்துடுச்சு, பின் ஆக்ஸிலும் வரம்புக்குள்ள வந்துடுச்சு. முன் ஆக்ஸிலுக்கு எவ்வளவு திரும்ப வரணும்னு உங்க டிரக் மேனுவல்ல இருக்கும், அதையே பின்பற்றுங்க. நிறைய இழுத்துப் பூட்டினா நல்லதுன்னு நினைக்காதீங்க. பின் டயர்ல எடை குறைஞ்சு ஈரச் சாலையில பின்பக்கம் வழுக்கும்.

இப்ப ஆர்ம் (தூரம்), மொமென்ட்டுக்கு (எடையைத் தூரத்தால பெருக்கினது) வருவோம். உங்களுக்குப் பிடிச்ச கணக்கு. இதே டிரெயிலர்ல ஹிட்ச் பால்லேர்ந்து (டிரக்கையும் டிரெயிலரையும் இணைக்கற அமைப்புதான் ஹிட்ச், அதுல டிரக் பக்கம் இருக்கிற இரும்பு உருண்டை பால்) ஆக்ஸில் நடு வரைக்கும் 16 அடி. பின் பம்பர் ஆக்ஸிலுக்கு 10 அடி பின்னாடி. பம்பர்ல ஒரு ஸ்டாண்டு பொருத்தி ரெண்டு மின்சார சைக்கிளை மாட்டறீங்க, சுமார் 100 பவுண்டு. 100ஐ 10ஆல பெருக்கி 16ஆல வகுத்தா, டங்க் வெயிட்லேர்ந்து 62 பவுண்டு போயிடுச்சு. நல்ல தண்ணி டேங்க் ஆக்ஸிலுக்கு 4 அடி பின்னாடி இருக்கு, 40 கேலன். ஒரு கேலன் 8.34 பவுண்டு, ஆக 334 பவுண்டு. அது இன்னொரு 83 பவுண்டைக் குறைக்குது. 800 இருந்தது சுமார் 655 ஆச்சு. மொத்த எடையோ 7,434 ஆச்சு. சதவீதம் 8.8. டிரெயிலரோட அதிகபட்ச எடை 7,600ன்னா, ஸ்டிக்கர் படி எல்லாம் சரி. ஆனா ஓட்ட முடியாத டிரெயிலர் ஆயிடுச்சு. சி.ஜி., அதாவது எடை மையம், பின்வரம்பைத் தாண்டின விமானத்துக்கு இணையான நிலை இது, எடை வரம்புக்குள்ள இருக்கு, நிலைப்பாடு போயிடுச்சு. தண்ணி டேங்க் எங்க இருக்குன்னு வாங்கறதுக்கு முன்னாடியே குனிஞ்சு பாருங்க. சிலதுல ஆக்ஸிலுக்கு முன்னாடி இருக்கும், அங்க தண்ணி நிரப்பினா டங்க் வெயிட் ஏறும். கழிவுநீர் டேங்குகளும் அப்படித்தான். போற வழியிலேயே சி.ஜி. மாறற வண்டி இது.

அடுத்தது ஆட்டம், ஸ்வே. உங்க கை உங்களை ஏமாத்தற இடம் இதுதான். பெரிய லாரி ஒண்ணு கடந்து போகுது, அதோட காத்துல டிரெயிலர் வாலைச் சுழிக்குது. டிரக்கோட பின்பக்கம் இடதுபக்கம் தள்ளப்படுது, நீங்க ஸ்டீயரிங்ல திருத்தறீங்க. நீங்க திருத்தி முடிக்கறதுக்குள்ள டிரெயிலர் திரும்பி வர ஆரம்பிச்சிருக்கும். உங்க திருத்தமும் அதுவும் ஒரே பக்கம் சேர்ந்துடும். அடுத்த ஆட்டம் பெருசா இருக்கும். இதைப் பைலட்டுகள் பி.ஐ.ஓ.ன்னு சொல்வீங்க, பைலட்டே உண்டாக்கற ஊசலாட்டம். அதே தாமதம்தான் இங்கயும். அதனால ஸ்டீயரிங்கை நேரா, இறுக்காம, அசையாம பிடிங்க. ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுங்க. டிரெயிலர் பிரேக்கை இயக்கறதுக்கு டிரக்குக்குள்ள இருக்கிற பிரேக் கன்ட்ரோலரோட கைநெம்புகோலை வலது கையால நகர்த்தி, டிரெயிலர் பிரேக்கை மட்டும் பிடிங்க. டிரெயிலர் பின்னாலேர்ந்து இழுத்துப் பிடிக்கும்போது வண்டி ரெண்டும் நேர்கோட்டுக்கு வந்துடும். டிரக்கோட பிரேக்கை அழுத்தக் கூடாது. அழுத்தினா டிரெயிலர் முன்னாடி தள்ளி, மடங்கப் பார்க்கும். வேகத்தைக் கூட்டி இழுத்துச் சமாளிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. இறக்கத்துல அது ஆபத்து, ஏன்னா வேகம் ஏற ஏற ஆட்டம் அடங்கற தன்மை குறையுது. ஆட்டம் தானா அடங்காம பெருசாகற ஒரு வேகம் ஒவ்வொரு டிரக்-டிரெயிலர் ஜோடிக்கும் உண்டு. டங்க் வெயிட் குறைஞ்சா அந்த வேகம் கீழ இறங்கிடும். அடங்கினதும் ஓரம் கட்டி, எடை எங்க தப்பா இருக்குன்னு தேடுங்க. ஸ்வே கன்ட்ரோல் ஹிட்ச் இருந்தா போதும்னு எடைப் பிழையை விட்டுடாதீங்க.

அந்தக் கைநெம்புகோலைக் கண்ணால தேடாம பிடிக்கப் பழகணும். கன்ட்ரோலரைச் சரியா அமைக்கவும் வேணும். சமதளத்துல, காலியான இடத்துல, மணிக்கு 20லேர்ந்து 25 மைல் வேகத்துல நெம்புகோலை முழுசா தள்ளுங்க. டிரெயிலர் பலமா இழுத்துப் பிடிக்கணும், ஆனா சக்கரம் பூட்டிக்கிட்டுத் தேயக் கூடாது. பூட்டிக்கிட்டா கெயின் எண்ணை, அதாவது பிரேக் பலத்துக்கான அமைப்பை, கொஞ்சம் குறைங்க. எடை மாறினா, மழை பெய்தா, திரும்பப் பாருங்க.

செக்லிஸ்ட். 1935 அக்டோபர் 30ல ரைட் ஃபீல்டுல போயிங் மாடல் 299 விழுந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டுப்பாட்டுப் பரப்புகளைப் பூட்டி வெச்சிருந்த பூட்டைக் கழட்டாமலே ஏறினாங்க. பைலட்டுக்கான செக்லிஸ்ட் அதுக்கப்புறம்தான் வழக்கத்துக்கு வந்தது. டிரெயிலர்ல மறக்கற விஷயங்கள் எல்லாமே அந்த ஜாதிதான், கைதேர்ந்தவங்களே மறக்கறது. ஆன்டெனா மேல நிக்கும், படிக்கட்டு மடக்காம இருக்கும், ஸ்டெபிலைசர் ஜாக் கீழ இருக்கும், கழிவுக் குழாய் இன்னும் மாட்டியிருக்கும்.

எதை வேணா மறந்தாலும் ஹிட்ச் வரிசையை மறக்கக் கூடாது. அவிழ்க்கும்போது முதல்ல சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, அதுக்கப்புறம்தான் கப்ளரை, அதாவது பால் மேல உட்கார்ற டிரெயிலர் மூக்குப் பகுதியை, தொடணும். மாட்டும்போது பால் அளவைப் படிச்சுப் பாருங்க, அதோட தலையில பொறிச்சிருக்கும். 2 இன்ச் பால் ஒண்ணு, 2-5/16 இன்ச் ஒண்ணு. பெரிய கப்ளரைச் சின்ன பால் மேல இறக்கினாலும் உட்கார்ந்த மாதிரியே இருக்கும், தாழ்ப்பாளும் மூடும். முதல் பள்ளத்துல எகிறிடும். அதனால தாழ்ப்பாள் மூடி, அதுக்கான பூட்டு ஊசியைப் போட்டதுக்கு அப்புறம், டங்க் ஜாக்கைத் திரும்பக் கீழ இறக்கி டிரக்கோட பின்பக்கத்தை ஒரு இன்ச், ரெண்டு இன்ச் தூக்கிப் பாருங்க. கப்ளர் பாலை விடாம டிரக்கையும் சேர்த்துத் தூக்கினாத்தான் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். பாதுகாப்புச் சங்கிலி ரெண்டும் கீழ குறுக்கா போகணும். டிரெயிலர் கழண்டுட்டா அதோட பிரேக்கைத் தானா பிடிக்க வைக்கற பிரேக்அவே கம்பியைத் தனியா டிரக்குல மாட்டணும், சங்கிலியில இல்ல, பாலைத் தாங்கற பால் மவுண்ட்லயும் இல்ல. பால் மவுண்டே கழண்டு வந்தா கம்பியும் கூடவே வந்துடும், பிரேக் பிடிக்காது. ஏழு முனை பிளக் மாட்டி, விளக்கு பார்த்து, நாலடி நகர்ந்ததும் நெம்புகோலால ஒரு பிரேக்.

நீங்க ஹிட்ச் மாட்டிட்டிருக்கும்போது பக்கத்துல தங்கியிருக்கிறவர் நல்ல மனசோட பேச வருவார். 10,000 அடிக்குக் கீழ தேவையில்லாத பேச்சு கூடாதுன்னு 1981ல வந்த ஸ்டெரைல் காக்பிட் விதியை இங்கயும் கொண்டு வாங்க. "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்"னு சொல்லுங்க. பேச்சுல இடையில நின்னுட்டா விட்ட இடத்துலேர்ந்து தொடராதீங்க, ஹிட்ச் வரிசையை முதல்லேர்ந்து பாருங்க.

டயர். என் கணிப்புல பைலட்டுகள் அசட்டையா விடற இடம் இதுதான், ஏன்னா விமான டயரை மெயின்டனன்ஸ் ஆட்கள் பார்த்துக்குவாங்க. டிரெயிலர் டயர் எஸ்.டி. வகை, டிரெயிலருக்குன்னே செய்யறது. அதைப் பெரும்பாலும் அதோட சுமை எல்லைக்குப் பக்கத்துலயே வெச்சு ஓட்டறோம். காத்து குறைஞ்சா பக்கச்சுவர் அதிகமா மடங்கும், மடங்க மடங்க சூடாகும், சூட்டுல உள்ளே அடுக்குகள் பிரியும். வெடிக்கும்போது பட்டை கழண்டு அடிச்சுச் சக்கர வளைவு, வயர், சில வண்டிகள்ல கேஸ் குழாய் வரைக்கும் கிழிச்சிடும். அதனால காலையில வண்டி நகர்றதுக்கு முன்னாடி, வெயில் டயர்ல படறதுக்கு முன்னாடி, குளிர் பிரஷர் பாருங்க. எவ்வளவு வேணும்னு டிரெயிலர் ஸ்டிக்கர்ல இருக்கும். ஓட்டி நிறுத்தினதும் பிரஷர் ஏறியிருக்கும், அது இயல்பு, அப்பக் காத்தைத் திறந்து விடாதீங்க. 10 டிகிரி ஃபாரன்ஹீட் மாறினா சுமார் 2 சதவீதம் மாறும். மலை மேல ஏறினா ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் கேஜ் சுமார் அரை பி.எஸ்.ஐ. அதிகம் காட்டும், அதைக் கண்டுக்க வேண்டாம்.

தேதி முக்கியம். பக்கச்சுவர்ல டாட் (DOT) எழுத்துகளுக்குக் கடைசியில நாலு எண் இருக்கும். 2321ன்னா 2021ஆம் வருஷம் 23ஆவது வாரம். பட்டை புதுசு மாதிரி இருந்தாலும், அஞ்சு வருஷத்துக்கு மேல ஆன டிரெயிலர் டயரை நம்பி நீண்ட பயணம் கிளம்ப வேண்டாம்னுதான் நான் சொல்வேன். பல எஸ்.டி. டயர்களுக்கு வேக வரம்பு மணிக்கு 65 மைல்தான். அதைவிட அதிகம்னா பக்கச்சுவர்ல எழுத்து சொல்லும். சக்கர நட்டை டார்க் ரென்ச்சால இறுக்கினதும் 10, 25, 50 மைல்ல திரும்பப் பாருங்க. சக்கரத்தைக் கழட்டி மாட்டின ஒவ்வொரு தடவையும் இது உண்டு. டயர் பிரஷர் மானிட்டர் வாங்கி, குளிர் பிரஷரை விட 10 சதவீதம் குறைஞ்சா கத்தற மாதிரி வையுங்க. கண்ணாடியில பார்த்து டிரெயிலர் டயர் இறங்கினது தெரியாது. இரட்டை ஆக்ஸில்ல ஒண்ணு போனாலும் வண்டி வழக்கம் போலத்தான் ஓடும், பக்கத்து டயர் அதோட பாரத்தையும் சேர்த்துச் சுமந்துட்டு அதுவும் போகும்.

காத்து. இதுல நீங்க மத்தவங்களை விட ரொம்ப முன்னாடி இருக்கீங்க. சாலை எந்தத் திசையில போகுதுன்னு பார்த்து, பக்கக் காத்தைப் பிரிச்சுப் பார்க்க உங்களுக்குத் தெரியும். விமான நிலைய வானிலை அறிக்கையான மெட்டார், முன்னறிவிப்பான டாஃப் ரெண்டையும் சாலைக்கும் பயன்படுத்துங்க. வயோமிங்ல ஐ-80 இதுக்குப் பேர் போன சாலை. லாரமிலேர்ந்து ராலின்ஸ் போற வழியில ஆர்லிங்டன், எல்க் மவுண்டன் பகுதியில சாலை வடமேற்கா ஓடும், காத்து தென்மேற்குலேர்ந்து அடிக்கும். முழுக்கப் பக்கவாட்டு. லாரமி, ராலின்ஸ் ரெண்டு விமான நிலையத்துலயும் மெட்டார் கிடைக்கும். மெட்டார்ல திசை உண்மை வடக்கை வெச்சுத்தான், வரைபடமும் அப்படித்தான், திருத்தம் எதுவும் வேண்டாம். வேகம் மட்டும் நாட் (knot) அளவுல இருக்கும், மைலாக்க 1.15ஆல பெருக்குங்க. காத்தோட விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறுது. 30 மைல் காத்து 40 ஆனா, பக்கச் சுவர் மேல தள்ளு 78 சதவீதம் கூடுது. அந்த மாநிலப் போக்குவரத்துத் துறை, எடை குறைவான உயரமான வண்டிகளுக்கு மட்டும் சாலையை மூடறதுண்டு. உங்க டிரெயிலர் அந்த வகைதான். பக்கக் காத்துக்கு ஒரு எண்ணை முன்கூட்டியே எழுதி வெச்சுக்குங்க. புதுசுல, வீச்சு 35 மைலைத் தொட்டா ஓட்டறதில்லன்னு வெச்சுக்கறது நியாயமான எல்லை. கேம்ப்கிரவுண்ட் பதிவு வீணாகுதேன்னு அந்த எண்ணை மாத்தாதீங்க. போய்ச் சேர்ந்தே ஆகணும்ங்கற பிடிவாதம் எத்தனை விமானத்தை மலைக்குள்ள கொண்டுபோச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

எதிர்க் காத்துல எரிபொருளும் ஓடும். விமானத்துல எதிர்க் காத்து நேரத்தைக் கூட்டும். இங்க வண்டி தரை வேகத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு, அதனால காத்து வேகம் ஏறி இழுவை ஏறுது. டிரெயிலர் இழுக்கும்போது டிரக்கோட மைலேஜ் பாதியாகறது சாதாரணம், எதிர்க் காத்துல அதுலயும் குறையும். மூணுல ஒரு பங்கு டேங்க் மிச்சம் இருக்கும்போதே நிரப்பற பழக்கம் வெச்சுக்குங்க. டிரெயிலரோட உள்ளே நுழைஞ்சு வெளிய வர முடியாத பெட்ரோல் பங்குகளும் இருக்கும்.

இறக்கம். நம்ம உதாரணத்துல டிரக்கும் டிரெயிலரும் சேர்ந்து 12,950 பவுண்டு, 6 சதவீதச் சரிவு, மணிக்கு 55 மைல். புவியீர்ப்பு கொடுக்கற சக்தி சுமார் 114 குதிரைத்திறன். அதுல கொஞ்சம் காத்து இழுவையும் டயரும் தின்னும், மிச்சம் எஞ்சினும் பிரேக்கும்தான் வாங்கணும். விமானத்துல வேகத்தைக் குறைக்க ஸ்பாய்லர் இருக்கு, இங்க இல்ல. உச்சியிலேயே, இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, வேகத்தைக் குறைச்சு, டிரக்கோட இழுவை முறையான டோ-ஹால் போட்டு, கியரைக் கீழ இறக்குங்க. பிரேக்கை லேசா பிடிச்சுக்கிட்டே போகாதீங்க, சூடேறி பிடிப்பு போயிடும். உங்க எல்லை 45ன்னா, 45ஐத் தொட்டதும் மூணு விநாடி உறுதியா பிடிச்சு 40க்குக் கொண்டுவந்து முழுசா விடுங்க. திரும்ப ஏறினா திரும்ப அதே மாதிரி. ஏற்றத்துல டென்சிட்டி ஆல்டிட்யூட், அதாவது காத்தோட அடர்த்தி குறைஞ்சு எஞ்சின் தளர்றது, உங்களுக்குப் பழக்கம். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் இழக்கும். கொலராடோவுல ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடியில இருக்கு, அங்க மூணுல ஒரு பங்கு சக்தி இல்ல. நீங்க டிரக் இன்னும் வாங்கலைன்னா, டர்போ உள்ளதையே வாங்குங்க.

உயரம். டிரெயிலர் கூரையில ஏசி உச்சி வரைக்கும் நீங்களே டேப் வெச்சு அளந்து, அந்த எண்ணை ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டுங்க. வட கரோலினாவுல டர்ஹாம்ல ஒரு ரயில் பாலம், உயரம் 11 அடி 8 இன்ச். வண்டிகள் இடிச்சு இடிச்சு, 2019ல 12 அடி 4 இன்ச்சுக்கு உயர்த்தினாங்க. அதுக்கப்புறமும் இடிக்கறாங்க. கார் ஜி.பி.எஸ். உங்களை அந்த மாதிரிப் பாலத்துக்கு அடியில அனுப்பிடும். உயரம் பதியற ஆர்.வி. (தங்கற வசதியுள்ள வண்டி) ஜி.பி.எஸ். அவசியம்.

களைப்பு பத்தி ஒரு வார்த்தை. ஏர்லைன்ல ரெண்டு பைலட் மட்டும் இருந்தா, பணி நேர விதியான பார்ட் 117 உங்களை 8, 9 மணி நேரத்துக்கு மேல ஓட்ட விடாது. இங்க தடுக்க யாரும் இல்ல. ஆர்.வி.காரங்க கடைப்பிடிக்கற அளவு: ஒரு நாளைக்கு 300 மைல், சாயங்காலம் 3 மணிக்குள்ள போய்ச் சேர்றது. இருட்டுல பின்னாடி எடுத்து நிறுத்தறது வேண்டாத வேலை. ஜி.பி.எஸ். சொல்ற நேரத்தோட நாலுல ஒரு பங்கு கூட்டிக்குங்க. ஆல்டர்னேட், அதாவது மாற்று இடம், ஒண்ணு கைல இருக்கட்டும், 60, 70 மைல் முன்னாடியே நின்னுடற மாதிரி ஒரு கேம்ப்கிரவுண்ட்.

புது டிரெயிலரைப் பத்தி. விமானத்துக்கு டைப் சர்டிஃபிகேட் இருக்கு, பறக்கத் தகுதின்னு சான்று இருக்கு. டிரெயிலரோட விளக்கு, டயர் மாதிரி விஷயங்களுக்குத்தான் மத்திய அரசு விதிகள். வீட்டுப் பகுதி தொழிற்துறைத் தரத்துக்கு உட்பட்டது. தொழிற்சாலையிலேர்ந்து வரும்போதே குறைகள் இருக்கும்னு வெச்சுக்கிட்டு டெலிவரி எடுங்க. தண்ணி டேங்கை நிரப்பி, பம்பைப் போட்டு, ஒவ்வொரு குழாய் மூட்டுக்கு அடியிலயும் காகிதத் துண்டால துடைச்சுப் பாருங்க. ஹீட்டர் டேங்க்ல தண்ணி இருக்கான்னு வெந்நீர்க் குழாயைத் திறந்து உறுதி பண்ணிட்டுத்தான் மின் ஹீட்டர் சுவிட்ச். காலி டேங்க்ல போட்டா எலிமெண்ட் உடனே கருகிடும். அப்புறம் முதல் ரெண்டு இரவு டீலருக்குப் பக்கத்துலயே தங்குங்க. கூரை சீலன்ட்டை மூணு மாசத்துக்கு ஒருமுறை ஏறிப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா அன்னிக்கே பூசுங்க. டிரெயிலரைக் கொல்றது விபத்தை விடக் கூரைக் கசிவுதான். விமானத்துல குறையைச் சரிசெய்யச் சொல்ற ஏர்வொர்தினஸ் டைரக்டிவ் மாதிரி இங்க ரீகால் உண்டு. டிரெயிலரோட அடையாள எண்ணை (வி.ஐ.என்.) போட்டு, சாலைப் பாதுகாப்பைப் பார்க்கற மத்திய அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்துல பார்க்கலாம். டயர் தேதி, பேரிங் கிரீஸ், சீலன்ட், கேஸ் டிடெக்டர் காலாவதித் தேதி, எல்லாத்தையும் ஒரு லாக் புக்ல எழுதுங்க. உங்களுக்கு அது கைவந்த பழக்கம்.

மின்சாரம் சுருக்கமா. 30 ஆம்ப் ஆர்.வி. இணைப்பு 120 வோல்ட், 3,600 வாட். அதோட மூணு துளையைப் பார்த்து துணி உலர்த்திக்கான 240 வோல்ட் அவுட்லெட்னு நினைச்சு எலக்ட்ரீஷியன்கள் தப்பா வயர் போட்டு, டிரெயிலர்ல உள்ள எல்லாம் எரிஞ்ச கதை அடிக்கடி வரும். வீட்டுல இணைப்பு போடறதா இருந்தா, செருகறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சு அளந்தே ஆகணும். கேம்ப்கிரவுண்ட்ல வோல்டேஜ் 104க்குக் கீழ போனா ஏசி கம்ப்ரஸர் கெடும், அதனால தானா துண்டிக்கற பாதுகாப்புக் கருவி வாங்குங்க. லித்தியம் பேட்டரி போட்டா, உறைநிலைக்குக் கீழ சார்ஜ் ஏத்தக் கூடாதுங்கறதை ஞாபகம் வையுங்க.

கடைசியா, மனைவியும் வர்றாங்கன்னு சொல்லியிருக்கீங்க. பின்னாடி எடுக்கும்போது வெளிய நிக்கறவங்க சொல்லே இறுதி. கையில வாக்கி டாக்கி, "நிறுத்து"ன்னா உடனே நிறுத்தறது, கண்ணாடியில அவங்க தெரியலைன்னாலும் நிறுத்தறது. இடது வலதுன்னு சொல்லாம "டிரைவர் பக்கம், பயணி பக்கம்"னு சொல்லச் சொல்லுங்க, திரும்பி நிக்கும்போது குழப்பம் வராது. ஒரு பைலட் திடீர்னு செயலிழந்தா இன்னொருத்தர் ஓட்டறதுக்கான பைலட் இன்கபாசிடேஷன் பயிற்சி எடுத்தவர் நீங்க, அதனால அவங்களும் டிரெயிலரோட நெடுஞ்சாலையில கொஞ்ச தூரமாவது ஓட்டிப் பழகட்டும். பிரேக் கன்ட்ரோலரைப் பொருத்தும்போது, பக்கத்து இருக்கையிலேர்ந்தும் கை எட்டற இடமா பார்த்துப் பொருத்தச் சொல்லுங்க. அந்த நெம்புகோலைத் தள்ளினா டிரெயிலர் பிரேக் மட்டும் பிடிக்கும்னு காலி மைதானத்துல அவங்க கையாலயே ஒருமுறை தள்ளிப் பார்க்கட்டும்.